முழங்கால் உயரக் கூரை

நூற்றுப் பதினான்கு மணி இருபது நிமிடம் நான் கூரைமேல் இருந்ததாக என் பயிற்சிப் பதிவேட்டில் எழுதியிருந்தது. அவ்வளவு நேரமும் நான் கீழே ஒரு நாற்காலியில் இருந்தேன்.

அந்த இருபது நிமிடம் அத்தானின் யோசனை. "முழுசு முழுசா எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. மழை வந்து பாதியில இறங்கின மாதிரி இருக்கணும்" என்றார். எந்தெந்த நாளில் மழை பெய்தது என்று பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதினார். அந்த விஷயத்தில் அவர் ரொம்ப நேர்மை.

அத்தான் என் அக்காவின் கணவர். வீடுகளுக்கு சோலார் பேனல் பொருத்தும் சிறிய நிறுவனம் வைத்திருக்கிறார். நிறுவனம் என்றால் அவர், ஒரு வேன், மேலே ஏறி வேலை செய்கிற மூன்று பேர், நான். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மின் அலுவலகத்துக்குப் போகிற தாளில் சான்றிதழ் பெற்ற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முன்பு போட்டவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் இயற்பியல் படித்து முடித்து இரண்டு வருடமாக அக்கா வீட்டில் இருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். வீடு முழுக்கத் தேடிய ஸ்பேனர் சட்டைப்பையிலேயே இருந்தது தெரிந்தவர் பார்க்கிற பார்வை அது.

மறுநாள் என்னைப் பயிற்சி மையத்தில் சேர்த்தார். நான் தேர்வு பெறும்வரை நிறுவனம் தற்காலிக அனுமதியில் ஓடும். அது மாதக் கடைசிவரைதான்.

பயிற்சி மையத்தின் கூடத்தில் ஒரு கூரை இருக்கிறது. ஓடு, சிமெண்ட் ஷீட், கான்கிரீட் மூன்றும் பக்கம் பக்கமாக, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். நாங்கள் பெல்ட் கட்டி, கொக்கியைக் கம்பியில் மாட்டி, முழங்கால் உயரத்தில் பயந்து பயந்து நடப்போம். சுற்றிலும் பாய் விரித்திருக்கும். வகுப்பில் பதினான்கு பேர். பேனலைச் சட்டத்தில் உட்கார வைத்து இறுக்குவதில் நான்தான் முதல். கை தானாக வேலை செய்யும். யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

மீதிப் பயிற்சி நிஜக் கூரையில், நூற்றிருபது மணி நேரம். அதை அவரவர் வேலை செய்யும் நிறுவனத்தில் முடித்து, பதிவேட்டில் முதலாளியின் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

நான் ஒரு முறை கேட்டேன். "அத்தான், நான் எப்ப மேல ஏறணும்?"

"பெல்ட்டு எல்லாம் ஆம்பளைங்க சைஸு. உனக்குன்னு ஒண்ணு வரவழைக்கணும். பாப்போம்."

பெல்ட் வரவில்லை. அடுத்த வாரம் அவரே, "காப்பீட்டுல நாலு பேர் பேருதான் இருக்கு, அதையும் பாக்கணும்" என்றார். அதற்கடுத்த வாரம், "இவ்வளவு படிச்ச பொண்ணு, அங்க போய்க் கருவாடா காயணுமா? கணக்கை நீ பாரு, வெயிலை அவனுங்க பாக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எதையும் சிரிக்காமல் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் ஒரு விஷயத்தை இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை.

அலுவலகம் என்பது வீட்டின் நடு அறை. வாசலுக்குப் போனாலும் சமையலறைக்குப் போனாலும் என் முதுகைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசைக்கு நேராக ஒரு ஜன்னல். அதிலிருந்து ஒன்றரை அடியில் அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் ஒரு நாளைக்குப் பதினோரு நிமிடம் வெயில் படும். அளந்திருக்கிறேன். நான் தூங்குகிற அறையில் இன்வெர்ட்டர் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். கதவு பாதிதான் திறக்கும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைவேன்.

நீலக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கூரையில் வேலை தொடங்கும் முன் ஒருவர் தனியாக ஏறிப் பார்ப்பார். குதிகாலால் தட்டித் தட்டிப் போவார். எங்கே பாரம் தாங்குமோ அங்கே நீலச் சாக்பீஸால் கோடு போடுவார். பின்னால் பேனலைத் தூக்கி வருகிறவர்களுக்குக் கீழே பார்க்க முடியாது, பேனல் மறைக்கும். அவர்கள் அந்தக் கோட்டை மட்டும் நம்பி நடப்பார்கள். கோடு போட்டவர் ஒரு தாளில், 'நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவார்.

பழைய ஆள் போன பிறகு எங்கள் கூரைகளில் யாரும் சாக்பீஸ் கோடு போடவில்லை. செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கி, அத்தான் கீழே நின்று எடுத்த போட்டோக்களோடு ஒப்பிட்டு, நான் தாளில் வரைவேன். நடக்க வேண்டிய இடத்தில் நீலப் பென்சிலால் கோடு. கட்டத்தில் என் கையெழுத்து.

அந்தத் தாள், மேலே ஏறுகிற மூவரில் மூத்தவரான போல்ட்டண்ணன் கைக்குப் போகும். மேலே வேலை செய்யும்போது அவர் வாயில் நாலு போல்ட் வைத்திருப்பார். அதனால் அங்கே பேச முடியாது. அந்தக் கடனையெல்லாம் கீழே வந்து தீர்த்துக்கொள்வார். எனக்குக் கால்குலேட்டர் என்று பெயர் வைத்தது அவர்.

"கால்குலேட்டர், இன்னைக்கு எத்தனை பேனலு?"

"பன்னெண்டுண்ணே."

"பதிமூணாவதா ஒண்ணைச் சேர்த்து மாட்டினா?"

"இன்வெர்ட்டர் தாங்காதுண்ணே."

"அப்ப அது என் பொண்டாட்டி ஜாதி. பன்னெண்டு வார்த்தை பொறுத்துக்குவா. பதிமூணாவதுக்கு ட்ரிப் ஆயிடுவா."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். "கால்குலேட்டர் போட்ட கோடு. கண்ணை மூடிட்டு நடக்கலாம்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்.

அவர் விழுந்த வீடு ஒரு பழைய தனி வீடு. மேலிருந்து எடுத்த படத்தில் மொத்தக் கூரையும் ஒரே சாம்பல் நிறம். பின்பக்கம் குறுக்கே முடி போல ஒரு கோடு தெரிந்தது. நான் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பெயிண்ட் அடிச்சப்ப நின்ன இடமா இருக்கும்" என்றார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இன்வெர்ட்டர் வைக்கிற சுவர். அந்த வழியாகப் போனால் கேபிள் ஆறு மீட்டர் குறையும். நான் கான்கிரீட் என்று எழுதி, அதன் மேலேயே நீலப் பென்சிலை இழுத்தேன்.

அது பிறகு கட்டிய சலவை அறை. மரச் சட்டத்தின் மேல் தட்டையான சிமெண்ட் ஷீட், அதன் மேல் நீர் இறங்காமலிருக்க அதே சாம்பல் பூச்சு. போல்ட்டண்ணன் மூன்றாவது பேனலைத் தூக்கிக்கொண்டு போனபோது ஷீட் உடைந்தது. சலவை இயந்திரத்தின் மேல் விழுந்து, அங்கிருந்து தரையில். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மதியம் அத்தான் வந்தார். அன்றுதான் அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த என் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வேனில், போல்ட்டண்ணன் பையிலிருந்து எடுத்திருக்கிறார்.

"வேற யாரும் பாக்கல. இன்னொண்ணு போடு. பின்பக்கம் ஷீட்டுன்னு சாய்கோடு அடி. நீலக் கோடு சுத்திப் போகட்டும். போன வாரத் தேதி."

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"இங்க பாரு. விசாரணை வரும். கேக்கறது ஒரே கேள்விதான். அந்த ஷீட்டு படத்துல இருந்துதா, இல்லையா? இல்லைன்னா, யார் மேல ஏறிப் பாத்ததுன்னு கேப்பாங்க. அப்புறம் உன் பதிவேட்டைக் கேப்பாங்க. கடையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். அவனும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவான். படத்துல இருந்துதுன்னா, கவனிக்காம நடந்தான்னு அவன் கார்டை நிறுத்தி வைப்பாங்க. அவ்வளவுதான். நான் அவனைக் கைவிட்டுடுவேனா? கீழ உக்கார வச்சு வேலை குடுக்க மாட்டேனா?"

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது.

நான் வரைந்தேன். சாய்கோடுகளால் பின்பக்கத்தை நிரப்பினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. என் படங்களிலேயே சுத்தமான படம் அது.

கார்டு என்று அத்தான் சொன்னது கூரையில் ஏறுவதற்கு எங்கள் பயிற்சி மையம் தருகிற அனுமதி அட்டையை. அது இல்லாமல் யாரும் பேனல் பொருத்தப் போக முடியாது. என் பாடப் புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்திலேயே விதி இருக்கிறது. தேர்வுக்கு அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். கவனக்குறைவுக்காக நிறுத்தப்பட்ட அட்டை, வைத்திருப்பவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவரானால், திரும்பத் தரப்படாது. போல்ட்டண்ணனுக்கு நாற்பத்தேழு.

பத்தாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். இரண்டாம் மாடி. அவர் மனைவி கதவைத் திறந்தார். ஜன்னலோரம் நாற்காலியில் காலை நீட்டி அவர் உட்கார்ந்திருந்தார். மூக்கில் புதிதாக ஒரு கண்ணாடி.

"வாங்க கால்குலேட்டர். பாத்து வாங்க, நடுவுல ஷீட்டு கீட்டு இருக்கப் போகுது."

"அதைச் சொல்லியே இன்னைக்கு நாலு பேரைப் பயமுறுத்தியாச்சு" என்றார் அவர் மனைவி.

நான் கொண்டுபோன ஆப்பிள்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"கண்ணாடி..." என்றேன்.

"ஆமா. மொதலாளி வந்து படத்தைக் காட்டினாரு. பின்பக்கம் பூரா சாய்கோடு அடிச்சு வச்சிருக்கீங்க. நீலக் கோடு அழகா சுத்திப் போகுது." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "எனக்கு என்னமோ நேராப் போன மாதிரிதான் ஞாபகம். இவகிட்ட அடிச்சுச் சொன்னேன். கோடு நேராத்தான் போச்சுடின்னேன். காயிதம் கையில இருக்கே, அது பொய் சொல்லுமா?"

"எந்நேரமும் அந்தப் போனை நோண்டாதீங்கன்னு நானும் தலைப்பாடா அடிச்சுக்கறேன். கேட்டாத்தானே?"

"கண் டாக்டரு ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாரு. இவதான் எதுக்கும் சின்னதா ஒரு பவர் போட்டுக் குடுங்கன்னு கெஞ்சி வாங்கிட்டா. மாட்டினா தரை கொஞ்சம் சாஞ்சு தெரியுது. பழகிடுமாம்."

அவர் மனைவி உள்ளே தண்ணீர் எடுக்கப் போனார். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இருபத்திரண்டு வருஷம்மா. ஒரு ஆணி கீழ விட்டதில்ல. விழுந்தது கூடப் பரவால்ல, கால்தானே, ஒட்டிக்கும். இல்லாத கோடு தெரிஞ்சுது பாருங்க, அதைத்தான் நினைச்சு நினைச்சு... கார்டைத் திருப்பிக் குடுத்தாக்கூட இனிமே நான் ஏறுவேனான்னு தெரியல. கூட இருக்கிறவனைத் தள்ளி விட்டுட்டா?"

நான் வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது முழு வாக்கியமாக, எழுவாய் பயனிலையோடு, தொண்டைவரை வந்து நின்றது.

"கண்ணாடி உங்களுக்கு நல்லா இருக்குண்ணே" என்றேன்.

அவர் மகிழ்ச்சியாக அதை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்படியா? இவ பழைய கணக்கு வாத்தியார் மாதிரி இருக்குன்னா."

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தவில்லை.

"அவருக்குக் கார்டு திரும்பக் கிடைக்காதுக்கா. வயசு தாண்டிடுச்சு."

"தெரியும்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாத விதி ஏதுடி?" ஒரு தட்டைக் கழுவி முடித்து மறுபடி அதையே கழுவினாள். "நீ உண்மையைச் சொல்லிட்டு வரப்போற சர்ட்டிபிகேட்டை வேணாம்னுட்டுப் போயிடுவ. நான் எங்கடி போறது? ரெண்டு பிள்ளைங்களை இடுப்புல வச்சுகிட்டு? உனக்கு ஒரு வேலை வேணும்னு அவர்கிட்ட வாய் விட்டுக் கேட்டவ நான். உனக்காகக் கேட்டேன்."

அது எனக்கு அதுவரை தெரியாது.

"சின்ன வயசுலேர்ந்து உன்கிட்ட இருக்கற ஒரே நல்ல குணம், வாயைத் திறக்க மாட்ட. இந்த ஒரு தடவையும் அப்படியே இருந்துடு" என்றாள். பிறகு ஈரக் கையாலேயே என் தலையைத் தடவினாள்.

தேர்வுக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளும் நான் மேசையில் இருந்தேன். அத்தான் மீதி மணி நேரங்களைப் பதிவேட்டில் எழுதி முடித்தார். போகும்போதும் வரும்போதும், "எல்லாம் சரியா வரும்" என்று முதுகில் தட்டினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், சாப்பிட்டேன். அறைக்குள் பக்கவாட்டில் நுழைந்தேன், பக்கவாட்டில் வெளியே வந்தேன்.

தேர்வு பயிற்சி மையத்தின் கூடத்திலேயே நடந்தது. தேர்வாளர் நடுத்தர வயதுப் பெண். சத்தமில்லாத காலணி போட்டிருந்தார். போல்ட்டண்ணனின் விசாரணையும் அன்றைக்குத்தான். என் தேர்வு முடிந்ததும் அதே மேசையில், அவரே விசாரிப்பார். அதனால் அத்தானும் போல்ட்டண்ணனும் பின்னால் பெஞ்சில் காத்திருந்தார்கள். போல்ட்டண்ணன் ஊன்றுகோலை உயர்த்தி எனக்கு வெற்றி என்று சைகை காட்டினார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது.

செய்முறை முதலில். முழங்கால் உயரக் கூரையில் ஏறி, கொக்கி மாட்டி, இரண்டு பேனல்களைப் பொருத்தி இறங்கினேன். பத்தொன்பது நிமிடம். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உக்காருங்க. நல்லாச் செஞ்சீங்க."

பதிவேட்டைப் புரட்டினார். "நூத்தி இருபது மணி பத்து நிமிஷம். பத்து நிமிஷம் உபரியாவே இருக்கே." பின்னால் அத்தான் அடக்கமாகச் சிரிப்பது கேட்டது. பிறகு தேர்வாளர் வேறொரு உறையிலிருந்து என் படத்தை எடுத்து விரித்தார். சாய்கோடு போட்ட படம்.

"அடுத்து இதைத்தான் விசாரிக்கப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நானும் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மேலேர்ந்து எடுத்த படத்துல ரெண்டும் ஒரே நிறம். உடைஞ்ச ஓட்டையை விட்டா, ஏறி நின்னாக்கூட ஒண்ணும் தெரியல. பத்து வருஷம் பாத்தவங்களே தவற விட்டிருப்பாங்க. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"தட்டிப் பாத்தீங்களா?"

"ம்."

"தட்டினப்ப எப்படி இருந்துது? சும்மா சொல்லுங்க, இது பரீட்சைக் கேள்வி இல்ல. ஆசைக்குக் கேக்கறேன்."

அந்தக் கூடத்துக் கூரையில் ஷீட்டை நான் பல தடவை தட்டியிருக்கிறேன். அடியில் முழங்கால் உயரத்துக்கு மரப்பெட்டி, அதற்கடியில் தரை. அது எப்படிச் சத்தம் போடும் என்று தெரியும். அடியில் ஒரு முழு அறை இருந்தால், அதில் துணி காய்ந்துகொண்டிருந்தால், எப்படிக் கேட்கும்? கால் எலும்பில் அது எப்படி ஏறும்? ஏதாவது ஒன்றைச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவர் ஒத்துக்கொள்வார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"சொல்லும்மா" என்று பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது. "மேடம், அவளுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம். வீட்லயும் இப்படித்தான், சாம்பார்ல உப்பு இல்லைன்னாக்கூடச் சொல்ல மாட்டா."

கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தேர்வாளரும் புன்னகைத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினேன்.

ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. போல்ட்டண்ணன் எழுந்து நின்றிருந்தார்.

"மேடம், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். அவங்களைப் போட்டு உலுக்காதீங்க. அவங்க எல்லாம் சரியாப் பாத்துத்தான் போட்டிருக்காங்க. கண்ணு தெரியாம நடந்தது நான். அதை நானே எழுதிக் குடுத்துடறேன். விசாரணைகூட வேணாம். எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் எட்டு வைத்து எட்டு வைத்து வந்து, அதை மேசையில் என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். போட்டோவில் அவருக்கு மீசை கருப்பாக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்காகக் குனிந்து, தாளில் இடத்தைத் தேடினார். கண்ணாடி வழியாகப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பேனா ஒரு விரல் தள்ளி, மேசை மரத்தின் மேல் போய் நின்றது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்னம்மா?" என்றார்.

"தட்டினா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாது மேடம்" என்றேன். என் குரல் கூடத்தின் கடைசிவரை போனது எனக்கே விநோதமாக இருந்தது. "நான் அந்தக் கூரையில ஏறல. எந்த நிஜக் கூரையிலயும் ஏறினதில்ல. இந்த நூத்தி இருபது மணி நேரமும் பொய். அண்ணன் விழுந்த அன்னைக்கு அவர் பையில இருந்த படத்துல, அந்த இடம் கான்கிரீட்டுன்னுதான் இருந்துது. கோடு நேரா அதுமேலதான் போச்சு. அவர் பாத்தது சரிதான். உங்க கையில இருக்கறது, அவர் விழுந்த பிறகு நான் வரைஞ்சது."